ஜீவராணி பாடிய பெரட்டுப் பாட்டு

நோர்வூட் பஜாரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. அங்கே போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள் ஜீவராணியிடம் பேசும்போது மேசைக்கு மேலே குனிந்து காதைக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அவள் சொல்வது கேட்காது. "எத்தன கொப்பி?" என்று அவள் கேட்பது, டயரிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி, பாதி சத்தமும் பாதி மூச்சுமாக வரும். பழகினவர்கள் அவள் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள், "தடிமன் பிடிச்சிருக்கா தங்கச்சி? கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்பார்கள். அவளும் தலையை ஆட்டி வைப்பாள்.

இதே ஜீவராணிக்கு ஒரு காலத்தில் எப்படிப்பட்ட தொண்டை இருந்தது என்பது அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். மேட்டு லயத்து வீட்டு வாசலில் நின்று அவள் தன் அம்மா நாகலெட்சுமியைக் கூப்பிட்டால், ஓடைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்பா வீரய்யாவுக்கு தேயிலை ஃபெக்டரியில் வேலை. மகள் ஏ.எல். வரைக்கும் படித்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தாள். இருபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதாலும் இவள் ஒரு பாட்டெடுத்தால் அடங்கிவிடும்.

அவளுக்கு இருபத்துமூன்று வயதில் ஒரு பாட்டுக் குழு அமைந்தது. கித்தார் வாசித்தவன் கஜேந்திரன், தோட்டத்தின் அடுத்த டிவிஷன் பையன். ட்ரம்ஸ் அடித்தவன் அழகன். பாடுவது ஜீவராணி. மூன்று பேரின் அம்மாக்களும் ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் என்பதால் குழுவுக்கு 'அஞ்சாம் நம்பர்' என்று பேர் வைத்தார்கள். கோவில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுத்தான் பாடினார்கள். சொந்தமாக அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு.

அந்தப் பாட்டு வந்த கதை இதுதான். ஒருநாள் காலையில் வீரய்யா வேலைக்குப் போய் அரைமணித்தியாலத்தில் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். காலையில் வேலை பிரிக்க ஆட்களை வரிசையில் நிறுத்துகிற பெரட்டில், பேர் கூப்பிடுகிற நேரத்துக்கு ஐந்து நிமிஷம் பிந்திவிட்டாராம். "நான் நிக்கிறேன்ங்க, நான் இந்தா நிக்கிறேன்ங்க" என்று கையைத் தூக்கிக் காட்டியும், அன்றைக்கு அவர் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் அன்று பின்னேரம் எழுதினாள்:

பேரக் கூப்புடு, பேரக் கூப்புடு,
வரலேன்னு எழுதிக்கோ.
கொட்டுற மழையில நான் நிக்கிறேன்,
இல்லேன்னு எழுதிக்கோ.

கஜேந்திரன் அதற்கு ரொக் மெட்டுப் போட்டான். கித்தார் உறுமும், ட்ரம்ஸ் ஓடும். ஜீவராணி முதலில் பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வருவாள். பிறகு 'பேரக் கூப்புடு' என்று எடுக்கிற இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். முதல்முதலில் அதைத் தேர்த் திருவிழாவில் பாடியபோது கமிட்டிக்காரர்கள் மேடைக்கு ஓடிவந்து நிறுத்தச் சொன்னார்கள். கீழே நின்ற இளவட்டங்கள் நிறுத்தவிடவில்லை.

ஹட்டனில் நிப்ராஸ் என்றொருவன், தன் வாப்பாவின் ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தான். தகரக் கூரைக்குக் கீழே நாலு சுவருக்கும் மெத்தையை அடித்து, ஒரு கம்பியூட்டரும் ஒரு நல்ல மைக்கும் வைத்திருந்தான். அங்கே போய் பெரட்டுப் பாட்டை மூன்று தடவை வாசித்தார்கள். எல்லாரும் ஒரே அறையில் நின்று, அளவு பார்க்க எடுத்த பதிவு அது. நல்லபடியாக, தனித்தனியாகப் பிறகு எடுப்போம் என்று வைத்தார்கள். அந்தப் பிறகு வரவில்லை. அழகன் இத்தாலிக்குப் போனான். கஜேந்திரன் கட்டாருக்குப் போனான். ஜீவராணிக்குக் கல்யாணமானது. புருஷன் சின்னராசாவுக்குக் கொழும்பில் பேக்கரி வேலை, மாசத்துக்கு ஒருதடவை வருவான். வீரய்யா நெஞ்சுவலி வந்து செத்துப்போனார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஜீவராணியின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. கண்டிக்குப் போகச் சொன்னார்கள். தைராய்டில் புற்றுநோய். கட்டி, குரலுக்குப் போகிற நரம்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து, சிங்களத்தில் மெதுவாக, இரண்டு தடவை விளக்கினார். நரம்பை விட்டால் நோயும் அங்கேயே இருக்கும், வெட்டினால் குரல் போகும். எதையும் அவர் மறைக்கவில்லை. ஜீவராணி கையெழுத்துப் போட்டாள். மயக்கம் தெளிந்து பக்கத்தில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டபோது வெறும் காற்றுத்தான் வந்தது. ஆறு மாசம் பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறும் என்றார்கள். அந்தக் கொஞ்சம் வந்தது. அதுதான் இப்போது கடையில் கேட்கிற சத்தம்.

பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பிப் போய் மூன்றாவது வாரம். ஒரு சின்னப் பயல் திறந்திருந்த கேட் வழியாக வெளியேறி, தண்ணீர் பாய்கிற பெரிய கானைப் பார்த்து ஓடினான். ஜீவராணி இந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை, வேறு யாரும் திரும்பவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு பெண்தான் கானின் விளிம்பில் பயலைப் பிடித்தாள். ஜீவராணியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவளே போய் வேலையை விட்டுவிட்டாள்.

பிறகு மகள் சர்மிளா பிறந்தாள். தாலாட்டு எல்லாம் நாகலெட்சுமிதான். சின்னராசாவோடு ஃபோனில் பேச முடியாது, அவள் சத்தம் அந்தப் பக்கம் போய்ச் சேராது. எழுதி அனுப்பிக்கொள்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கஜேந்திரன் கட்டாரிலிருந்து இரண்டு மாச லீவில் வந்தான். கையில் ஒரு புதுக் கித்தார். நேரே கடைக்கு வந்தான்.

"ஜீவா, பெரட்டுப் பாட்ட முடிச்சிருவோம். நிப்ராஸ்கிட்ட பேசிட்டேன். பத்து வருசமா மண்டைக்குள்ளயே சுத்துது."

ஒப்பரேஷன் நடந்தது அவனுக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். ஆனால் எழுத்துக்குக் குரல் இல்லையே. "என்னால முடியாது கஜே" என்று அவள் சொன்னபோதுதான் அவன் முதல்தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டான். கித்தாரை மெதுவாக மேசையில் சாய்த்து வைத்தான்.

"மெதுவா பாடுவோம்" என்றான் பிறகு. "பாட்டயே மாத்திருவோம். ஒனக்கு ஏத்த மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஹட்டன் பஸ் ஏறினாள். யாரும் அவளைப் பாடக் கூப்பிட்டு அத்தனை வருஷமாகியிருந்தது.

ஸ்டூடியோவில் நிப்ராஸ் அவளுக்கு உயரமான கதிரையை எடுத்துப் போட்டான். "இரிங்க ஜீவா. அவசரம் ஒண்டும் இல்ல."

ஜீவராணியும் கஜேந்திரனும் பாட்டைப் பிரித்துப் போட்டார்கள். வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினார்கள். சுருதியை நாலு கட்டை குறைத்தார்கள். கித்தாரின் உறுமலை எடுத்துவிட்டு, கஜேந்திரன் ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, எதிரொலி கொடுத்து வாசித்தான். பேர் கூப்பிடுகிற பகுதியை அவள் பேசுகிற மாதிரியே சொன்னால் போதும் என்றான். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அது விடும்வரைக்கும் மூன்று பேரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மழை விட்டதும் நிப்ராஸ் மைக்கை அவள் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்து, சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினான்.

முதல் பகுதி நன்றாகவே வந்தது. ஹெட்ஃபோனில் தன் கரகரப்பைக் கேட்டபோது அவளுக்கே ஆச்சரியம். அடித்தொண்டையில் பேர்களைச் சொல்லச் சொல்ல, பாட்டுக்குள்ளே ஒரு வயதான ஆள் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிப்ராஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முடியும்போல இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

'பேரக் கூப்புடு' என்று எடுக்கிற இடத்தில் சத்தம் அறுந்தது. எவ்வளவு இறக்கினாலும் அந்த வரி மேலே ஏறித்தான் ஆகவேண்டும். ஏறுகிற இடத்தில் அவளிடம் இருந்தது காற்று மட்டும். இன்னும் ஒரு கட்டை இறக்கினார்கள். அறுந்தது. பாடவேண்டாம், ரகசியம் சொல்கிற மாதிரிச் சொல் என்றான் கஜேந்திரன். சொன்னாள். அதை ஐந்து தடவை சொல்லவைத்து, ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான் நிப்ராஸ். போட்டுக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டில் ஐந்து நோயாளிகள் ஒன்றாக முனகுகிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு. வித்தியாசமா இருக்கு" என்றான் கஜேந்திரன்.

அவன் முகத்தை அவள் பார்த்தாள். பதினைந்து வருஷமாகத் தெரிந்த முகம். "பொய் சொல்லாத" என்றாள். இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கைத் தள்ளிவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து, குமட்டுகிற வரைக்கும் இருமினாள். கீழே ஹாட்வெயார் கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நிப்ராஸ்தான் அந்த யோசனையைச் சொன்னான். கம்பியூட்டரில் இப்போது ஒரு வேலை செய்யலாம். ஒருவருடைய பழைய பேச்சையும் பாட்டையும் நிறையக் கொடுத்தால், அது அந்தக் குரலைப் படித்துக்கொள்ளும். பிறகு வேறு யாராவது பாடினால் போதும், அந்தக் குரலாக மாற்றிவிடும்.

"அப்ப பாடுறது யாரு?" என்று கேட்டாள் ஜீவராணி.

"நீங்கதான். ஒங்கட குரல்தானே."

"நான் எப்ப பாடுனேன்?"

நிப்ராஸ் கம்பியூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அவள் பாடிய நாளில் அந்த அறையில் இருந்தவன், அதை மறுபடி கேட்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். நாகலெட்சுமி அரிசி களைந்துகொண்டே கேட்டார். மெஷின், கம்பியூட்டர் எல்லாம் அவருக்குப் பாதிதான் விளங்கியது.

"ஒன் பழைய கொரல்தானே வரும்?"

"ம்."

"புள்ள ஒன் கொரலக் கேட்டதே இல்லையே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே ஜீவராணி நிப்ராஸுக்கு எழுதி அனுப்பினாள்: செய்ங்க.

ஆனால் மெஷினுக்குக் கொடுக்க அவளுடைய குரல் வேண்டுமே. அந்த மூன்று பதிவுகளிலும் ட்ரம்ஸும் கித்தாரும் குரலோடு கலந்து கிடந்தன, பிரிக்க முடியவில்லை. சுத்தமான குரல் வேறொரு இடத்தில் இருந்தது. ஒப்பரேஷனுக்கு முன்னால் அவள் நிப்ராஸுக்கு ஆட்டோ அறிவித்தல்கள் பேசிக் கொடுப்பாள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராகப் போடுவார்களே, அவைதான். தீபாவளி மலிவு விற்பனை, இரத்ததான முகாம், காணாமல்போன மாடு. எல்லாவற்றையும்விட அதிகம் மரண அறிவித்தல். '...பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று போகிற அறிவித்தல்கள். நிப்ராஸ் பழைய டிஸ்க்கில் தேடி எடுத்ததில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சேர்ந்தது. அதில் முக்கால்வாசி செத்தவர்களின் பேர்.

மெஷின் அதைப் படிக்க ஒன்றரை நாள் எடுத்தது. இடையில் கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிறு கஜேந்திரன் மைக்குக்கு முன்னால் நின்றான். அவனுக்குச் சுமாரான தொண்டைதான், உயர்ந்த இடங்களில் கீச்சென்று போகும். அவன் பாடி முடித்ததும் நிப்ராஸ் மாற்றிப் போட்டான்.

முதலில் வந்தது வேடிக்கையாக இருந்தது. ஜீவராணியின் குரல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உருட்டி, 'பேரைக் கூப்பிடு' என்று நல்லடக்கத்துக்கு நேரம் சொல்கிற மாதிரிப் பாடியது. மூன்று பேரும் சிரித்தார்கள். ஜீவராணியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சரி, பாடுகிற விதம் மாறினால்தான் குரல் மாறும் என்று விளங்கிற்று. ஜீவராணி கஜேந்திரனுக்கு எதிரே நின்றாள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே கடிக்க வேண்டும் என்று கையால் காட்டினாள். அவன் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டே கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். இருபது முப்பது தடவை. இப்போது இறக்க வேண்டிய அவசியம் இல்லையே. பழைய வேகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், பழைய சுருதியையும், கித்தாரின் உறுமலையும். ட்ரம்ஸைக் கம்பியூட்டரிலேயே அடித்தான் நிப்ராஸ். அழகனுக்கு அனுப்பிக் கேட்டதற்கு இத்தாலியிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

எல்லாம் சேர்த்து மத்தியானம் போட்டுக் கேட்டார்கள்.

ஜீவராணி ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது அவள்தான். இருபத்துமூன்று வயது ஜீவராணி, மேட்டு லயத்து வாசலில் நின்று ஓடைக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிறவள். மேலே ஏறுகிற இடத்தில் குரல் தடையில்லாமல் ஏறிப்போயிற்று. அவளை அறியாமல் தொண்டை அந்தப் பாட்டோடு சேர்ந்து அசைந்தது. கழுத்தில் இருந்த வெட்டுத்தழும்பு மேலும் கீழும் போய்வந்தது. கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் அதிரவில்லை.

இரண்டாம் தடவை கேட்டபோது ஏதோ இடறியது. மூன்றாம் தடவையில் கண்டுபிடித்தாள்.

"மூச்சு இல்ல" என்றாள்.

"என்னா?" என்று நிப்ராஸ் குனிந்தான்.

"இது மூச்சே எடுக்கல."

உண்மைதான். கஜேந்திரன் மூச்சு எடுத்த இடங்களையெல்லாம் நிப்ராஸ் சுத்தம் பண்ணியிருந்தான், ஆம்பிளை மூச்சு கேட்கக்கூடாது என்று. 'பேரக் கூப்புடு' என்று கத்துவதற்கு முன்னால் ஜீவராணி எப்போதும் ஒரு பெரிய மூச்சை இழுப்பாள். மேடையில் மைக்கில் அது கேட்கும். இந்தப் பாட்டில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. "சரி, போடுவோம்" என்று நிப்ராஸ் அறிவித்தல்களில் தேடினான். பத்து நிமிஷத்தில் ஒரு மூச்சைப் பிடித்து, வெட்டி, கத்தலுக்கு முன்னால் ஒட்டினான். போட்டான்.

அந்த மூச்சைக் கேட்டதும் ஜீவராணி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள்.

அவளுக்கு அது எந்த மூச்சு என்று தெரியும். அப்பா செத்த அன்று காலையில், அறிவித்தலை வேறு யாரும் பேசவேண்டாம், நானே பேசுகிறேன் என்று அவள் இதே அறைக்கு வந்தாள். இரண்டு தடவை வாசிக்கப் போய் முடியாமல் நின்றாள். மூன்றாம் தடவை நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, அதற்குப் பிறகு 'வீரய்யா அவர்கள்' என்று சொல்லி, ஒரே ஓட்டமாகக் கடைசி வரைக்கும் வாசித்து முடித்தாள். இழுக்கும்போது நடுவில் ஒரு சின்ன நடுக்கம். அந்த நடுக்கத்தோடு அந்த மூச்சு அப்படியே பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

"அத எடுத்துருங்க" என்றாள்.

"ஏன் ஜீவா? எவ்வளவு இயற்கையா ஈக்குது!" என்றான் நிப்ராஸ்.

"அந்த மூச்சுதான் பாட்டயே தூக்குது" என்றான் கஜேந்திரன். "கேட்டியா? அழுதுட்டுப் பாடுற மாதிரி. விடு ஜீவா, ப்ளீஸ்."

காரணத்தைச் சொல்லியிருந்தால் இருவரும் உடனே எடுத்திருப்பார்கள். சொல்வதற்கு ஒரு நீளமான வாக்கியம் வேண்டியிருந்தது. அத்தனை சத்தம் அன்றைக்கு அவளிடம் மிச்சம் இல்லை. பைக்குள் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, "சரி" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பாட்டு யூடியூபில் வந்தது. 'பாடியவர் ஜீவராணி' என்று போட்டிருந்தார்கள். உலகத்தைப் புரட்டிப் போடவில்லை. ஆனால் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் அதைக் கேட்காத ஃபோன் இல்லை. ப்ரைவட் பஸ்களில் போட்டார்கள். கொப்பி எடுக்க வந்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொரல் திரும்பிருச்சா அக்கா? சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று அழுதாள். ஜீவராணி இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஒரு திருவிழாக் கமிட்டியிலிருந்து கடை நம்பருக்கு அழைப்பு வந்தது.

"ஜீவராணி அக்காகிட்ட குடுங்க."

"நான்தாங்க."

"லைன் சரியில்ல போல. ஜீவராணி அக்கா, அந்தப் பாடுற அக்கா, அவங்ககிட்ட குடுங்க தங்கச்சி."

"நான்தான் பேசுறேன்."

"அவங்க இல்லன்னா பிறகு எடுக்கிறேன்ங்க" என்று வைத்துவிட்டார்.

கஜேந்திரன் லீவு முடிந்து போனான். வீட்டில் சர்மிளா அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். நாலு வயதுப் பிள்ளைக்குப் பாட்டியின் ஃபோனில் எங்கே அழுத்தினால் அது வரும் என்று தெரிந்துவிட்டது. காதோடு வைத்துக்கொண்டு, கித்தார் உறுமலிலும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். ஒரு சனிக்கிழமை காலையில் ஜீவராணி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, "வா, தல சீவலாம்" என்றாள்.

பிள்ளை ஃபோனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டது. "சும்மா இரு. அம்மா பாடுது" என்றது.

ஜீவராணி சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டு, உடுப்பு மாற்றி, ஹட்டன் பஸ் ஏறினாள்.

நிப்ராஸிடம் தாளில் எழுதிக் கொடுத்தாள், வாயால் சொல்லி மறுபடி மறுபடி கேட்கவைக்க விருப்பமில்லாமல்: என் குரலை அழிச்சிருங்க.

அவன் வாசித்தான். பயந்துபோனான். "நான் ஏதும் பிழை செஞ்சிட்டேனா ஜீவா?"

இல்லை என்று கையை ஆட்டினாள். கம்பியூட்டரைக் காட்டினாள். அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்து, மெஷின் படித்துவைத்த குரலை அவள் கண் முன்னாலேயே அழித்தான்.

"ஃபோல்டர்ல ஒங்கட மத்த சாமானும் கிடக்கு. எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் அழித்தான். அறிவித்தல்கள் போயின. வீரய்யாவின் பேரைச் சொன்னது போயிற்று. அந்த மூன்று பழைய பதிவுகளும் அதே இடத்தில்தான் இருந்தன என்பது அவளுக்குப் படிக்கட்டில் பாதி இறங்கும்போதுதான் உறைத்தது. மூன்று பேரும் ஒரே அறையில் நின்று வாசித்தது, அவள் உண்மையிலேயே பாடியது. திரும்பி ஏறினாள். நிப்ராஸ் தேடிப் பார்த்தான். வேறெங்கும் பிரதி இல்லை. வியர்த்துப்போய், "கேட்டேனே ஜீவா, எல்லாத்தையுமான்னு கேட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கேட்டான்தான்.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். மெஷின் படித்த குரலை, போவதற்கு முதல் நாள் கஜேந்திரன் பென்ட்ரைவில் வாங்கிக்கொண்டு போயிருந்தானாம். "ஒங்க ரெண்டு பேர்ட பாட்டுத்தானே எண்டு குடுத்திட்டேன். ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணல்ல."

அன்றைக்கு அவள் கஜேந்திரனுக்கு எழுதினாள். அவன் உடனே பதில் போட்டான்: கவலைப்படாத ஜீவா, என்கிட்ட பத்திரமா இருக்கு.

தைப் பொங்கல் முடிந்த கிழமை கட்டாரிலிருந்து இன்னொரு பாட்டு வந்தது. காதல் பாட்டு. கஜேந்திரனே எழுதி, வேலையாட்கள் தங்குகிற கேம்ப் அறையில் பாடி, அவள் குரலாக மாற்றியிருந்தான். கீழே 'ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ்' என்று எழுதியிருந்தான். அவள் ஒருதரமும் கண்ணால் பார்த்திராத சொற்களை அவளுடைய குரல் கொஞ்சிக் கொஞ்சிப் பாடியது. இந்தத் தடவை மூச்சுகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. அவன் பழகிவிட்டான். ஜீவராணி ஒரு நீண்ட பதில் எழுதினாள். வாசித்துப் பார்த்துவிட்டு அழித்தாள். அவன் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அத்தனை பெரிய வெயிலில் நின்று உழைத்துவிட்டு வந்து, அறையில் இருந்த மற்றவர்களைப் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாடியிருப்பான்.

கொழும்பிலிருந்து சின்னராசா எழுதினான்: புதுப் பாட்டு கேட்டேன், பேக்கரியில எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் உட்கார்ந்து போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே அந்தப் பாட்டு கேட்டது. நாகலெட்சுமி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன்டி, இது வேற பாட்டு. இத எப்ப பாடுன?"

ஜீவராணி போஞ்சியின் நாரைக் கிள்ளிப் போட்டாள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கண்டியில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வெறும் காற்றைக் கேட்டுவிட்டு, அழாமல் சுடுதண்ணீர் வாங்கப் போனவர்.

"போன மாசம்மா" என்றாள்.

"சொல்லவே இல்லையே நீ" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு நாகலெட்சுமி பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பேச்சியம்மா, இங்க வந்து கேளு, எம்புள்ள புதுசா பாடியிருக்கா."

பேச்சியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்கார இடம் வேண்டுமென்று ஜீவராணி போஞ்சிச் சுளகை மடிப்பக்கமாக இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். நாகலெட்சுமி பாட்டை முதலிலிருந்து போட்டார்.